முதல் வேலை தேடுவோருக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பட்டம் வாங்கி எட்டு மாதமாகிறது. கண்ணில் படும் விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன். ஒரு நேர்காணல்கூட வரவில்லை. எங்கே தவறு?

பதில்: நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ரெஸ்யூமில்தான். பல நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் மென்பொருள் பிரித்துப் படிக்கிறது. அதற்குப் பிறகே மனிதர் கைக்குப் போகிறது. பக்கத்தை இடம் வலம் என நெடுக்காக இரண்டாகப் பிரிக்கும் வடிவமைப்பு, கட்டங்கள், திறமைக்கு நட்சத்திரம் போடும் அலங்காரம் எல்லாம் அந்த மென்பொருளைக் குழப்பக்கூடும். உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாக வந்தாலோ, கைபேசி எண் காணாமல் போனாலோ, மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். எழுத்தே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். வேர்டில் புதிதாகத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்குங்கள். புதியவருக்கு ஒரு பக்கம் போதும்.

அடுத்தது, ஒரே ரெஸ்யூமை எல்லோருக்கும் அனுப்புவது. விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வரும் திறமைகளை அடிக்கோடிடுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையில் தெரிந்தவற்றை அதே சொல்லில், பக்கத்தின் மேற்பாதியில் கொண்டுவாருங்கள். ஒரு நாளில் முப்பது இடங்களுக்கு அள்ளி வீசுவதைவிட, மூன்று இடங்களுக்கு இப்படித் திருத்தி அனுப்புவது பலன் தரும்.

கேள்வி: அனுபவமே இல்லை. கல்லூரி பிராஜெக்ட் மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து என்ன எழுதுவது?

பதில்: நிறைய எழுதலாம். ஆனால் பெரும்பாலானோர் தலைப்போடு நிறுத்திவிடுகிறார்கள். "நூலக மேலாண்மை மென்பொருள், நால்வர் குழு" என்ற வரியைப் படிப்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது தெரியாது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "நால்வர் குழுவில் தரவுத்தளம் என் பொறுப்பு. புத்தகம், உறுப்பினர், இரவல் என 3 அட்டவணைகளை மைஎஸ்கியூஎல்லில் அமைத்தேன். ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இருவருக்கு வழங்கிவிடும் பிழையைச் சோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்." உங்கள் பங்கு, பயன்படுத்திய கருவி (மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள்), சந்தித்த சிக்கல், விளைவு ஆகிய நான்கும் இதில் வந்துவிட்டன.

கணினி படிக்காதவர்களுக்கும் இதே முறைதான். துறை விழாவின் வரவு செலவை எக்செலில் பராமரித்து, ரசீதுகளோடு ஒத்துப்பார்த்து முடித்துக் கொடுத்திருந்தால் அது கணக்கு வேலைக்கான நல்ல சான்று. "கடின உழைப்பாளி", "தலைமைப் பண்பு உடையவர்" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் அவற்றுக்கு எடை கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ரெஸ்யூமில் உள்ள ஒவ்வொரு வரியும் நேர்காணலில் கேள்வியாகத் திரும்பி வரும். ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள், எங்கே சிக்கியது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம் விளக்க முடியாத எதையும் எழுதாதீர்கள். நண்பர் செய்த பகுதியை உங்களுடையதாகக் காட்டினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாய் உலர்ந்துவிடுகிறது.

பதில்: குடும்பம், பள்ளி என்று தொடங்குவதால்தான் வழி தவறுகிறது. என்ன படித்தீர்கள் என்பதை ஒரு வாக்கியத்தில் முடியுங்கள். பிறகு இந்த வேலைக்குப் பொருந்தும் ஒரு பிராஜெக்டைப் பற்றி மூன்று நான்கு வாக்கியங்கள். கடைசியாக, இந்தப் பணியைக் கேட்டு ஏன் வந்தீர்கள் என்று ஒன்று. ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மனப்பாடம் செய்யாமல் குறிப்புகளை மட்டும் நினைவில் வைத்து, கைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்தவர் ஒரு சொல் மறந்ததும் முழுவதும் நின்றுவிடுவார்.

கேள்வி: ஒரு நிறுவனம் வேலை உறுதி என்கிறது. பயிற்சிக்கு முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வேலை தருபவர் சம்பளம் கொடுப்பவர். உங்களிடம் பணம் வாங்குபவர் அல்ல. பதிவுக் கட்டணம், மடிக்கணினிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். வேலை உறுதி என்று கடிதம் வந்திருந்தால், அது வந்த மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதிசெய்யுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.

உண்மையான ஆஃபர் லெட்டரே (வேலை தருவதாக நிறுவனம் தரும் கடிதம்) வந்தாலும் கையெழுத்துக்கு முன் சில இடங்களை நிதானமாகப் படியுங்கள். சொல்லப்பட்ட ஆண்டுச் சம்பளத்தில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு, இலக்கை எட்டினால் மட்டும் கிடைப்பது எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலை செய்ய வேண்டிய காலம்) எத்தனை நாள், இடையில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பாண்டு என்ற ஒப்பந்தம் உண்டா? தெளிவில்லாததை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன பதில் பிறகு உங்களுக்குக் கைகொடுக்காது.