ஐசியுவில் நம் ஆள் படுத்திருக்கும்போது: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் அரசாங்க மருத்துவமனை ஐசியுவில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். மருந்தையும் மிஷினையும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் படுத்திருக்கிறவர் போன வாரம் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார், என்ன சாப்பிட்டார் என்பது வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். அதை எடுத்துச் சொல்ல நம் ஜனங்கள் ரொம்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் போக வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு மூத்திரக் கிருமி என்று வார்டில் சேர்த்தோம். 'ஸ்டேபல்' என்கிறார்கள். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து என்னை யாரென்று தெரியவில்லை, மூச்சும் வேகமாக வாங்குகிறது. மிஸ்ஸியிடம் சொன்னேன், 'ஓகே, ஓகே' என்று போய்விட்டார். மறுபடியும் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ?

கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை தங்கச்சி, இப்போதே போய்ச் சொல்லுங்கள். கிருமித் தொற்றை எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளையே கெடுத்துக்கொள்ளும் நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட அது வரும். திடீர்க் குழப்பமும் வேக மூச்சும் அதன் முக்கியமான அடையாளங்கள். மூத்திரம் குறைவது, கை கால் சில்லிடுவது, தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, எழுப்பினாலும் கண் சொருகுவது, இவையும் அப்படித்தான்.

'அம்மாவுக்கு முடியவில்லை' என்று மட்டும் சொன்னால், ஒரு ஷிப்டில் அந்த வார்த்தையைப் பலர் வாயிலிருந்து கேட்கிற மிஸ்ஸிக்கு அது காதில் ஏறாது. கைப்பேசியில் கடிகாரத்தை வைத்து, முழுதாக ஒரு நிமிடம் அம்மாவின் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 22க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். அந்த எண்ணையும், எந்த மணியிலிருந்து மாற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலாயில் இப்படிச் சொல்லலாம்: "மிஸ்ஸி, மாக் சாயா லாயின் டாரிபாடா பியாசா. செமாலாம் டியா கெனால் சாயா, ஹாரி இனி தாக் கெனால். நாஃபாஸ் லாஜு. தோலோங் பங்கில் டாக்டர் தெங்கோக்." (அம்மா வழக்கம்போல இல்லை, நேற்று என்னைத் தெரிந்தது, இன்றைக்குத் தெரியவில்லை, மூச்சு வேகமாக இருக்கிறது, டாக்டரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.)

அதற்கும் அசையவில்லை என்றால் அந்த ஷிப்டின் பொறுப்பு மிஸ்ஸியிடம் அல்லது வார்டு சிஸ்டரிடம் போங்கள். அடுத்து, ஆன்கால் எம்.ஓ.வை (டூட்டியில் இருக்கும் மருத்துவ அதிகாரியை) பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் டாக்டர் வந்து பார்க்கும் வரை கட்டில் பக்கத்தை விட்டு நகரவும் வேண்டாம். இது மரியாதைக் குறைவு இல்லை. ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்தில் 2007ல் ரயன் சாண்டர்ஸ் என்ற சின்னப் பையன், பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கப்படாமல் மருத்துவமனையிலேயே இறந்துபோனான். அதற்குப் பிறகு அங்கே 'ரயன்ஸ் ரூல்' வந்தது. முதலில் மிஸ்ஸி அல்லது டாக்டர், அப்புறம் பொறுப்பு மிஸ்ஸி, அதற்கும் தீராவிட்டால் தனித் தொலைபேசி எண். இங்கிலாந்தில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுப் பெண் 2021ல் செப்சிஸில் இறந்தாள். அந்தத் தாயின் போராட்டத்தால் 2024ல் அங்கேயும் இது போன்ற விதி வர ஆரம்பித்தது. நம் வார்டுகளில் அப்படியொரு எண்ணை எதிர்பார்க்க முடியாது, ஆனால் முதல் இரண்டு படிகள் நம் கையிலும் இருக்கின்றன.

கேள்வி: சிஸ்டர், அப்பா ஈப்போவில் ஐசியுவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். நாங்கள் 6 பிள்ளைகள். டாக்டர் ஒருவரிடம் ஒன்று சொன்னதாகவும் இன்னொருவரிடம் வேறு மாதிரி சொன்னதாகவும் குடும்பத்துக்குள்ளேயே சண்டை.

டாக்டர் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார் தம்பி. திங்கள்கிழமை கேட்டவர் திங்கள்கிழமை நிலவரத்தைக் கேட்டிருப்பார், புதன்கிழமை போனவர் புதன்கிழமையை. 6 பேரில் ஒருவரை வாரிஸ் (நெருங்கிய உறவினர், குடும்பத்தின் சார்பில் பேசுகிறவர்) என்று வார்டில் எழுதிக் கொடுங்கள். மூத்தவராக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நிதானமாகக் கேட்டு, கேட்டதைக் கேட்டபடி சொல்கிறவராக இருந்தால் போதும். அவர் மட்டும் டாக்டரிடம் பேசி, அன்றன்றைக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடட்டும்.

அவர் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கட்டும். தேதி, பேசிய டாக்டர் பெயர், அவர் ஸ்பெஷலிஸ்டா எம்.ஓ.வா, என்ன சொன்னார் என்று எழுதணும். 'அப்பா எப்படி இருக்கிறார்' என்று கேட்டால் 'ஸ்டேபல்' என்றுதான் பதில் வரும். ஐசியுவில் அந்த வார்த்தைக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை என்றுதான் அர்த்தம், ஆபத்து தாண்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: நேற்றைவிட ஆக்சிஜன் தேவை கூடியதா, குறைந்ததா? பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து இன்னும் ஓடுகிறதா? சிறுநீரகம் வேலை செய்கிறதா? அடுத்த இரண்டு நாளில் எதைப் பார்த்து 'தேறுகிறார்' என்பீர்கள், எதைப் பார்த்தால் கவலைப்படுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் உங்கள் எல்லாருக்கும் உதவும். சண்டை தீரவில்லை என்றால் குடும்பக் கூட்டம் வேண்டும் என்று கேளுங்கள், ஸ்பெஷலிஸ்ட் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் விளக்குவார்.

கேள்வி: டாக்டர்கள் காலையில்தான் ரவுண்ட் வருகிறார்கள். நான் செம்பனை வெட்டுக்குப் போய் மதியத்துக்கு மேல்தான் மோட்டாரில் ஈப்போ போகிறேன். ஒரு டாக்டரையும் கண்ணால் பார்த்ததில்லை.

மிஸ்ஸிகளின் ஷிப்ட் பெரும்பாலும் மதியம் 2 மணிக்கும் ராத்திரி 9 மணிக்கும் மாறும். மாறுகிற நேரத்தில் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. அது முடிந்து கொஞ்சம் பொறுத்துப் போய், 'நான் வாரிஸ், வேலையால் காலையில் வர முடியாது, எந்த நாள் எத்தனை மணிக்கு டாக்டரைப் பார்க்கலாம்' என்று கேட்டு, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசி எண் கேஸ் நோட்டில் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண் இருந்ததால் அவசரத்தில் பிடிக்க முடியாமல் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டுக்காரர் டையாலிசிஸ் நோயாளி. நுரையீரலில் நீர் கோர்த்து எமர்ஜென்சி சிவப்பு ஸோனில் (ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கான பகுதியில்) சேர்த்தோம். நான் என்னென்ன சொல்ல வேண்டும்?

முதலில் ஃபிஸ்டுலா, அதாவது டையாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக் குழாய், இருக்கும் கை. அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது, ட்ரிப் ஊசி போடக் கூடாது, பிரஷர் பட்டி கட்டக் கூடாது. சிவப்பு ஸோனில் அவசரத்தில் எந்தக் கை முன்னால் கிடக்கிறதோ அதைத்தான் பிடிப்பார்கள். வாயால் சொல்லிவிட்டு, அந்தக் கையில் வெள்ளை டேப் ஒட்டி எழுதச் சொல்லுங்கள், கட்டில் தலைமாட்டு அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் உங்கள் விரலை அந்த இடத்தில் மெதுவாக வையுங்கள். 'உர்ர்' என்று அதிர்வு தெரிய வேண்டும். நின்றுபோயிருந்தால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், உடனே மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த வழி கெட்டுப்போகும்.

கடைசி டையாலிசிஸ் எந்த நாள், ட்ரை வெயிட் (கூடுதல் நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, எந்த மருந்துக்கு அலர்ஜி என்பதையும் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜாமு என்கிற மூலிகை மருந்து, மூட்டுவலி மாத்திரை, பசாரில் வாங்கிய பொடி எல்லாமும்தான். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டவருக்கு வார்டில் திடீரென்று நின்றுபோனால் பிரஷர் விழும், டாக்டருக்குக் காரணமும் புரியாது. திட்டுவார்கள் என்று ஒளிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணன் விழுந்து தொடை எலும்பு உடைந்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்டபடி பேசுகிறார், டியூபைப் பிடுங்குகிறார், கையைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

உங்களிடம் ஒன்று நேராகக் கேட்கிறேன் தம்பி. அண்ணன் தினமும் குடிப்பாரா? சம்சு என்கிற மலிவுச் சாராயமோ பீரோ, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பும் வரலாம். உயிருக்கே ஆபத்து. ஆனால் மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். சேர்க்கும்போது டாக்டர் கேட்டிருப்பார், மானம் போகும் என்று அண்ணி 'எப்பவாவது' என்று சொல்லியிருப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கள்: என்ன குடிப்பார், எவ்வளவு, கடைசியாக எப்போது.

குடிப்பழக்கம் இல்லாதவருக்கும் இந்தக் குழப்பம் வரும், டெலிரியம் என்பார்கள். வலி, புதுத் தொற்று, மூத்திரம் அடைப்பு, மலச்சிக்கல், தூக்க மருந்து, எதுவும் காரணமாகலாம். காரணத்தைத் தேடினீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மிஷின் இருந்தால் கொண்டுபோய் மாட்டிவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் பேசுங்கள்: இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நான் உன் தம்பி. நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் வரைக்கும் கட்டை அவிழ்க்க முடியுமா என்று மிஸ்ஸியிடம் கேட்கலாம். பலருக்கு இது நாட்களிலோ வாரங்களிலோ சரியாகிவிடும். பைத்தியம் என்று அவர் காதுபட யாரும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: கையெழுத்துப் போடு என்கிறார்கள், போடுகிறேன். எதற்கென்றே புரிவதில்லை.

புரியும் வரை கேட்பது உங்கள் உரிமை ஐயா. ஃபூ ஃபியோ நா என்ற பெண் 1982ல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்டு, அறுவை சிகிச்சைக்குப் பின் கை கால் செயலிழந்தார். அவருடைய வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. நோயாளி முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகளை டாக்டர் விளக்கியாக வேண்டும். அதனால் கேளுங்கள்: எதற்காகச் செய்கிறீர்கள், என்ன கெடுதல் வரலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா? தமிழ் தெரிந்த ஸ்டாஃப் யாரையாவது கூப்பிடச் சொல்லலாம். நோயாளிக்கே நினைவு தெளிவாக இருந்தால் கையெழுத்து அவருடையது, உங்களுடையது இல்லை.

கேள்வி: இங்கே சரியாகப் பார்க்கவில்லை, ஏ.ஓ.ஆர். போட்டுவிட்டுத் தனியாருக்குக் கொண்டுபோகலாம் என்று மாமா சொல்கிறார்.

கோபத்தில் ஏ.ஓ.ஆர். போடாதீர்கள். 'என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வழியில் என்ன நடந்தாலும் உங்கள் தலையில்தான். ஆக்சிஜனில் இருப்பவரைக் காரில் ஏற்றுவது கொலைக்குச் சமம். மாற்றத்தான் வேண்டும் என்றால், எடுத்துக்கொள்ளும் டாக்டர் பெயர், காலிக் கட்டில், ஆள் சேர்ந்த ஆம்புலன்ஸ், ரெஃபரல் கடிதம் எல்லாம் தயாரான பிறகு மாற்றுங்கள். தனியாரில் ஐசியு ஒரு நாளைக்கே பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). உத்தேசக் கட்டணத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பணம் தீர்ந்த பிறகு அரசாங்க ஐசியுவுக்குத் திரும்பினால் கட்டில் அன்றைக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மாமாவின் சந்தேகம் வைத்தியத்தைப் பற்றியது என்றால் முதலில் வேறொரு ஸ்பெஷலிஸ்ட் கருத்தைக் கேளுங்கள், நல்ல டாக்டர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: ஐசியுவில் திருநீறு பூசலாமா? கஞ்சி கொடுக்கலாமா?

மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு நெற்றியில் கொஞ்சமாகப் பூசலாம், டியூப் டேப் மேலும் கண்ணிலும் விழாமல். தேவாரத்தைக் கைப்பேசியில் மெதுவாக வைக்கலாம். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சூடமும் விளக்கும் கூடவே கூடாது. அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் கஞ்சி மட்டுமல்ல, ஒரு சொட்டுத் தீர்த்தமும் விடாதீர்கள், நேராக நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி: பாட்டிக்கு 84 வயது. இதயம் நின்றால் சி.பி.ஆர். செய்ய வேண்டாம் என்று டாக்டர் சொல்கிறார். சம்மதித்தால் நாமே கொன்ற மாதிரி என்று சித்தப்பா அழுகிறார்.

சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இதில் கொலை எதுவும் இல்லை. சி.பி.ஆர். என்றால் நெஞ்சை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அமுக்குவது. அந்த வயதில் விலா எலும்பு உடையும். திடீரென்று இதயம் நின்ற ஒருவருக்கு அது உயிரைக் கொடுக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா உறுப்பும் ஓய்ந்து, கடைசியாக இதயம் நிற்கிறவருக்கு அது பலன் கொடுப்பது மிக அரிது.

டாக்டரிடம் இரண்டு கேளுங்கள். எதனால் பலன் இருக்காது என்கிறீர்கள்? சி.பி.ஆர். தவிர மற்றது எல்லாம் தொடருமா? சி.பி.ஆர். வேண்டாம் என்பது ஆன்டிபயாட்டிக்கையோ ஆக்சிஜனையோ வலி மருந்தையோ நிறுத்துவது ஆகாது. என்னென்ன தொடரும் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள், வலியையும் அவஸ்தையையும் குறைத்துக் கவனிக்கும் பெலியேட்டிவ் குழு வந்து பார்க்குமா என்றும் கேளுங்கள். அப்புறம் வீட்டார் உட்கார்ந்து, நமக்கு என்ன வேண்டும் என்பதை விட்டு, பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று பேசுங்கள். தாத்தா போனபோது அவர் என்ன சொன்னார்? 'என்னை இப்படி இழுத்தடிக்காதீர்கள்' என்று எப்போதாவது சொன்னாரா? அதை டாக்டரிடமும் சொல்லுங்கள். வர வேண்டியவர்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் இன்றைக்கே கூப்பிடுங்கள்.

கேள்வி: மாமாவுக்கு நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) இல்லை. பில்லைப் பார்த்துப் பயந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாமா என்று அத்தை கேட்கிறார்.

வேண்டாம். குடியுரிமை காட்ட முடியாதவருக்கு வெளிநாட்டவர் கட்டணம் போடுவார்கள், அது பெரிய தொகைதான். ஆனால் வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள். பில் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே வார்டு மிஸ்ஸியிடம், மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். போகும்போது மாமாவின் பிறப்புப் பத்திரம் அல்லது அதன் நகல், பெற்றோர் ஐசி, பழைய பள்ளிச் சான்று, தோட்ட ஆபீஸ் கடிதம், சம்பளச் சீட்டு, பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கட்டியிருந்தால் அந்த எண், கையில் இருக்கிற எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். அத்தையைத் தனியாக அனுப்பாதீர்கள், மலாய் நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும்.