ஒரு விரலால் திறக்கிற மூடி

போன இதழில் மடிக்கணினி பற்றி நாலு வரி எழுதியதற்கு பெங்களூரு வாசகர்களிடமிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே சண்டைதான், பார்க்க நன்றாக இருப்பதை வாங்குவதா, புழங்க நன்றாக இருப்பதை வாங்குவதா என்று. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

*

கே: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் தமிழ்99 விசை அமைப்பில் தட்டச்சு. ஒரு கிலோவை ஒட்டிய எடையில், கத்தி மாதிரி மெலிந்த ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் "அந்தக் கறுப்பு டப்பாவையே வாங்கு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்க? (வாசகி, டோம்லூர்)

ரெண்டு பேர் சொல்வதையும் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலோ வேறு எங்கேயோ அந்தக் கத்தி இருக்கிற கடைக்குப் போய், பத்து நிமிடம் அதில் தட்டிப் பாருங்கள். கடையில் இருக்கிற மெஷினில் தமிழ் போட்டிருக்க மாட்டார்கள், அதனால் என்ன, தமிழ்99-ல் தட்டுவது போலவே தட்டுங்கள். திரையில் கண்டபடி ஆங்கில எழுத்து வரும், வரட்டும். நாம் கேட்பது விரலிடம்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தமிழ்99-ல் ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போது ஒரு விசை, ஒரு தடவை அழுத்தினதை ரெண்டாக எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். ஆங்கிலத்தில் அது வெறும் எழுத்துப்பிழை, சிவப்புக் கோடு விழும், திருத்திக்கொள்ளலாம். நமக்கோ "மகள்" என்று அடித்தால் "மக்கள்" வந்து உட்காரும். பிழைதிருத்தியும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அது பிழையே இல்லை, வேறொரு நல்ல வார்த்தை.

இது கற்பனையாகச் சொல்லும் பயம் இல்லை. 2015-ல் ஆப்பிள் 12 அங்குல மேக்புக்கை மெலிதாக்குவதற்காக விசைக்கு அடியில் பட்டாம்பூச்சி இறக்கை போல் விரிகிற ஓர் அமைப்பை வைத்தது. கண்ணுக்கு அவ்வளவு சுத்தம். ஆனால் விசை இறங்குகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது, துளி தூசி அடியில் போனாலும் எழுத்து ரெட்டிக்கும், இல்லை விழவே விழாது. புகார் பெருகி, 2018 ஜூனில் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தார்கள். விசைப்பலகை மேல்தகட்டோடு சேர்த்து அடிக்கப்பட்டது, பேட்டரி அதே தகட்டில் ஒட்டியிருந்தது, ஆகவே பல மாடல்களில் ஒரு விசை கெட்டால் மொத்தமாக மாற்ற வேண்டும். 2019 கடைசியில் 16 அங்குல மாடலில், கத்தரிக்கோல் போல் மடங்குகிற பழைய அமைப்புக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் வழக்கு நடந்து 2022-ல் 5 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. உலகத்திலேயே வடிவமைப்புக்குப் பேர்போன கம்பெனிக்கே இது நடந்தது என்றால் மற்றவர்களைக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன கறுப்பு டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. ஐ.பி.எம். 1992-ல் திங்க்பேட் என்ற கறுப்பு மடிக்கணினியைக் கொண்டுவந்தபோது வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் சேப்பர் என்ற ஜெர்மானியர், அவர் மனதில் இருந்தது ஜப்பானியர்களின் சாப்பாட்டுப் பெட்டி. வெளியே பேசாமல் கறுப்பாக இருக்கும், திறந்தால் உள்ளே ஒவ்வொன்றும் அதன் இடத்தில், நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. ஆக, அவர் டப்பா என்று திட்டினாரோ பாராட்டினாரோ, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் அழகுதான், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாத அழகு.

அதற்காகத் தடியாக இருப்பதெல்லாம் நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள், விசை தொளதொளவென்று ஆடுகிற தடி மெஷின்களும் நிறைய இருக்கின்றன. விசை ஒன்றரை மில்லிமீட்டர் வரை இறங்குகிற, ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள மாடல்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. இதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். இன்னொன்று, எஃப் விசையிலும் ஜே விசையிலும் இருக்கிற சின்ன மேட்டைத் தடவிப் பாருங்கள். சில மாடல்களில் அழகுக்காக அதை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். எஃப்தான் நமக்குப் புள்ளி, ஜே-தான் ப. பார்க்காமல் தட்டுகிறவருக்கு அந்த மேடு இல்லாவிட்டால் வேலை நடக்காது.

*

கே: ரெண்டரை வருடம்தான் ஆகிறது, திரை மூடியின் கீல் பிய்ந்துவிட்டது. கீழே போடவே இல்லை. கடையில் "நீங்கள் ஒழுங்காகத் திறக்கவில்லை" என்கிறார்கள். என் தப்பா? (வாசகர், அல்சூர்)

உங்கள் தப்பு கால்வாசி, மீதி அதைச் செய்தவர்களுடையது. கீல் இரும்புதான், அது சாதாரணமாக உடையாது. கீலை உடம்போடு பிடித்து வைக்கிற திருகாணிகள் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னச் சின்ன பித்தளை நட்டுகளில் இறங்கியிருக்கும், அந்த நட்டுதான் பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். "மெட்டல் ஃபினிஷ்" என்று அட்டையில் போட்டிருந்தால் பல சமயம் அது பெயின்ட்டைப் பற்றிய தகவல், உள்ளே இருப்பதைப் பற்றியது அல்ல.

கீல் இறுக்கமாக இருந்தால் திரை ஆடாமல் நிற்கும், ஆனால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த நட்டுகள் மேல் பாரம் விழும். தளர்வாக வைத்தால், விளம்பரத்தில் காட்டுவது போல ஒரே விரலால் திறக்கலாம் (அதற்கு அடிப்பகுதி மூடியைவிட நல்ல கனமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் எழுந்து வரும்), ஆனால் மெட்ரோவில் மடியில் வைத்து வேலை பார்த்தால் பர்ப்பிள் லைன் முழுக்கத் திரை தலையாட்டிக்கொண்டே வரும். நல்ல பொறியாளர்கள் நடுவே ஓர் அளவு பிடிக்கிறார்கள். மற்றவர்கள் "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்று நம் தலையில் விடுகிறார்கள்.

உங்கள் கால்வாசி எதுவென்றால், ஒரு மூலையைப் பிடித்துத் திறந்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். மூலையில் பிடித்தால் பாரம் ஒரு கீலிலேயே விழும், நடுவில் பிடித்துத் தூக்க வேண்டும். என் பழைய மெஷினில் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது, ஓரத்தில் நகம் நுழைகிற அளவு இடைவெளி தெரிந்தது, அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு மாதம் ஓட்டினேன். திரைக்குப் போகிற கேபிள் கீல் வழியாகத்தான் போகிறது, அதுவும் அறுந்து திரை முழுக்கக் கோடு. ஆகவே சத்தம் கேட்ட அன்றைக்கே திறந்து மூடுவதை நிறுத்துங்கள். பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றால் தற்காலிகம்தான், பிய்ந்த பகுதியின் கவரை மாற்றி, கீலையும் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லுங்கள்.

*

கே: புது அலுமினிய லேப்டாப். சார்ஜ் போட்டிருக்கும்போது கை வைத்தால் சுர்ரென்று ஊறுகிறது. பயமாக இருக்கிறது. (வாசகி, முருகேஷ்பாளையா)

உங்கள் சார்ஜரில் ரெண்டு முள் பிளக்தானே? சார்ஜருக்குள் மின் இரைச்சலை அடக்க ஒரு சின்ன மின்தேக்கி இருக்கும், அதன் வழியாகத் துளியூண்டு மின்சாரம் எப்போதும் கசியும். எர்த் இருந்தால் பேசாமல் அதில் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கும். பிளாஸ்டிக் உடம்பில் இது தெரியாது, அலுமினியத்தில் தெரிகிறது. கம்பெனி சார்ஜராக இருந்து லேசாக ஊறுவதோடு நின்றால் ஆபத்து என்று சொல்ல மாட்டேன். வெடுக்கென்று ஷாக் அடித்தாலோ, சார்ஜர் டூப்ளிகேட்டாக இருந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். மூன்று முள் வயர் வாங்கி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவிட்ச் போர்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் வயர் இருக்காது.

*

கே: அப்பாவுக்கு வெள்ளி நிற லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். பகலில் எழுத்தே தெரியவில்லை என்கிறார், கண் டாக்டரிடம் போக வேண்டுமா? (வாசகர், கே.ஆர். புரம்)

முதலில் விசைக்கு அடியில் எரிகிற விளக்கை அணையுங்கள். வெள்ளி விசையில் வெள்ளை வெளிச்சம் வந்தால் பகலில் எல்லோருக்குமே அப்படித்தான், எழுத்து கரைந்துவிடும். அணைத்ததும் சாம்பல் எழுத்தாவது தெரியும். கண் டாக்டரிடம் எப்படியும் வருடத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள், அது வேறு விஷயம்.

*

கே: மீட்டிங்குக்குப் போனால் புரொஜெக்டரில் மாட்ட ஓட்டையே இல்லை. இந்த டாங்கிள் (நடுவில் மாட்டுகிற இணைப்புத் துண்டு) கூத்தை யார் ஆரம்பித்தது? (வாசகர், ஒயிட்ஃபீல்டு)

2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேக்புக் ஏரை ஒரு காகித உறைக்குள்ளிருந்து உருவி எடுத்துக் காட்டினார், கைதட்டல் அடங்கிய பிறகு பார்த்தால் அதில் ஒரே ஒரு யு.எஸ்.பி. அவர்களே 2021-ல் மேக்புக் ப்ரோவில், புரொஜெக்டர் மாட்டுகிற எச்.டி.எம்.ஐ. ஓட்டையையும் கேமரா கார்டு போடுகிற இடத்தையும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த தடவை வாங்கும்போது இடது, வலது ரெண்டு பக்கமும் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். அலுவலகத்தில் பிளக் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று நம் கையிலா இருக்கிறது?

*

கே: டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே பவர் பட்டன். வாரத்துக்கு ரெண்டு தடவை பாதி வேலையில் தூங்கப் போய்விடுகிறது! (வாசகி, அல்சூர்)

விண்டோஸில் பவர் அமைப்புகளுக்குள் போய், பவர் பட்டனை அழுத்தினால் "ஒன்றும் செய்யாதே" என்று மாற்றிவிடுங்கள். பேட்டரிக்கு ஒன்று, சார்ஜில் இருக்கும்போது ஒன்று என ரெண்டு இடத்தில் கேட்கும், ரெண்டையும் மாற்றுங்கள்.