நடையில் சரி, பந்தியில்?

வணக்கம் சார்,

இந்த ஆஷாட ஏகாதசிக்கு ஆலந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை வாரியில், அதாவது விட்டலர் கோயிலுக்குப் போகும் பாதயாத்திரையில், நடந்தேன். சுமார் 250 கிலோமீட்டர், கிட்டத்தட்ட மூன்று வாரம். வழியெல்லாம் ஒருவரையொருவர் ‘மாவுலி’ என்று கூப்பிட்டுக் காலைத் தொடுகிறார்கள். லாத்தூர் பக்கத்து சோயா விவசாயி ஒருவர், என் அப்பா வயது இருக்கும், என் காலைத் தொட்டபோது கூசிப்போனேன். அப்புறம் கடைசிவரை அவரோடுதான் நடந்தேன். புனே திரும்பி ஆபீஸ் போனால், லிஃப்டில் துப்புரவுப் பணியாளர் ஏறியதும் எல்லோரும் ஓரடி தள்ளி நிற்கிறோம். நானும்தான். அந்த மூன்று வாரச் சமத்துவம் நிஜமா, திருவிழா வேஷமா? பெரியவர் போன் நம்பர் கொடுத்திருக்கிறார். இன்னும் கூப்பிடவில்லை.

ரகு, புனே

அன்புள்ள ரகு,

நான் முழு வாரி நடந்தவன் இல்லை. ஒருமுறை புனேயிலிருந்து திவே மலைவழி ஏறி சாஸ்வட் வரை போனேன், அவ்வளவுதான். அந்த ஒரு நாள் கொப்புளம் ஆறவே பத்து நாள் ஆனது. அதனால் உங்களுக்கு அனுபவஸ்தன் தோரணையில் எதுவும் சொல்ல முடியாது.

வேஷம் என்று நான் நினைக்கவில்லை. மாவுலி என்றால் அம்மா. மராத்தி ஞானி ஞானேஸ்வரரை அப்படித்தான் அழைக்கிறார்கள், வாரியில் எதிரே வருகிற யாருக்கும் அதே பெயர். கூட்டத்தை ஒதுக்குகிற போலீஸ்காரர்கூட ‘மாவுலி, தள்ளுங்க’ என்றுதான் சொன்னார். காலைத் தொடுவதையும் கவனித்திருப்பீர்கள். மற்ற இடங்களில் அது ஒருவழிப் பாதை. அங்கே அவர் குனிந்தால் நீங்களும் குனிய வேண்டும். அன்றைக்கு இது தெரியாமல் நான் ஒரு பாட்டிக்கு ஆசீர்வாதம் செய்கிற மாதிரி நின்றுவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நடக்கும்போது தெரியாத சில விஷயங்கள் சாயங்காலம் கூடாரம் அடித்ததும் தெரியவரும். திண்டி என்றால் சேர்ந்து நடக்கிற ஒரு குழு. ஒவ்வொரு திண்டிக்கும் அதன் லாரி, அதன் சமையல். எந்தத் திண்டியிலும் சேராதவர்கள் கிடைத்த இடத்தில் முடங்கிக்கொள்கிறார்கள்.

மானுடவியலாளர் ஐராவதி கார்வே இந்த வழியில் நடந்து, அதைப் பற்றி எழுதியிருக்கிறார். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் போன திண்டியில் பிராமணர்களும் மராத்தாக்களும் சேர்ந்து பாடினார்கள், சேர்ந்து நடந்தார்கள். சமையலும் சாப்பாடும் தனித்தனி. கார்வேக்கு அது பொறுக்கவில்லை. மராத்தாப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்கள் மனம்விட்டுப் பேசினார்கள், கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், ‘தாயி’ என்றார்கள். நம் ஊர் அக்கா மாதிரி. பயணம் முடிகிற நேரத்தில், புனேக்கு வந்து உங்களைப் பார்ப்போம் என்று சிலர் சொல்ல, ஒரு சின்னப் பெண் கேட்டாளாம்: இப்போது பழகுகிற மாதிரியே அப்போதும் எங்களோடு பழகுவீர்களா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள். இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கும். நீங்கள் ‘அது நிஜமா’ என்கிறீர்கள், நகையை உரசிப் பார்க்கிற மாதிரி. அவள் ‘நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அது நிஜமா பொய்யா என்பது இனி நீங்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தது. இன்னொன்றும் தோன்றுகிறது: வேறு எங்கேயாவது அவளால் இதைக் கேட்டிருக்க முடியுமா? கூடவே நடந்த அத்தனை நாட்கள்தானே அவளுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தன.

பாதை தானாகவே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பண்டரிபுரம் கோயில் வாசலில் படிக்கட்டுப் பக்கம் சோகாமேளரின் சமாதியைப் பார்த்திருப்பீர்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகார் சாதியில் பிறந்த 14ஆம் நூற்றாண்டுக் கவி. உள்ளே போக அனுமதி இல்லாதவர். நூற்றாண்டுக் கணக்கில் வார்கரிகள், அதாவது வாரி நடக்கிற பக்தர்கள், அவருடைய அபங்கப் பாடல்களைப் பாடிக்கொண்டு இந்த வழியில் நடந்தார்கள். பாட்டு எங்கும் போனது, அவருடைய ஜனங்கள் வெளியிலேயே நின்றார்கள். 1947 மே மாதம் காந்தியவாதி எழுத்தாளர் சானே குருஜி பண்டரிபுரத்தில் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் கதவு திறந்தது. அடுத்த வருஷம் அம்பேத்கர் தீண்டப்படாதவர்களைப் பற்றிய தன் நூலை மூன்று பேருக்குச் சமர்ப்பித்தார். சோகாமேளர், ரவிதாசர், நம் நந்தனார். தில்லை எல்லையில் நின்றவரையும் பண்டரிபுரம் படியில் நின்றவரையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தவர் அவர்தான்.

லிஃப்ட் விஷயத்துக்கு என்னிடம் உபாயம் எதுவும் இல்லை. தள்ளி நிற்காதீர்கள், வேறென்ன. அந்த ஆளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை.

பெரியவருக்குப் பகலில் போன் செய்யாதீர்கள், வயலில் இருப்பார். அவர் ஊர்ப் பக்கம், மராத்வாடாவில், அக்டோபர் வாக்கில் சோயா அறுப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு ராத்திரி, சாப்பிட்டு முடித்திருப்பார் என்கிற நேரத்துக்குக் கூப்பிடுங்கள். புனேக்கு வந்தால் எங்கே தங்குவது என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.