முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு எந்தக் குகை?

ஸ்லோவேனியா போகும்போது, முழங்கால் வலியுள்ள அம்மாவை போஸ்டோய்னா குகைக்கு அழைத்துப் போவதா, ஷ்கோட்சியான் குகைக்கா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போஸ்டோய்னா போங்கள். 5 கி.மீ. சுற்றில் சுமார் 3.5 கி.மீ. குட்டி ரயிலிலேயே போய்விடலாம். மீதியை வழிகாட்டியோடு நடக்க வேண்டும். படிகள் இல்லை. ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு மேடு வரும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தரை ஈரமாக இருக்கும். ஷ்கோட்சியானில் 500 படிகளுக்கு மேல், அது அவருக்கு வேண்டாம்.

அப்புறம் குளிர். கோடையிலும் உள்ளே சுமார் 10 டிகிரிதான். நான் ஜூலையில் பருத்திச் சட்டையோடு போய், ரயில் ஓடும்போது அடித்த காற்றில் நடுங்கிவிட்டேன். அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு சால்வையும் கட்டாயம்.