சுட்டெண் ஏறிவிட்டது, பங்கு வாங்கலாமா?

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கேட்கிறார்: "மத்திய வங்கியின் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண் 50ஐத் தாண்டிவிட்டது, வியாபாரிகளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்கிறார்கள். முதிர்ந்த நிலையான வைப்புப் பணத்தில் பங்கு வாங்கலாமா?"

அந்தச் செய்தியை மட்டும் நம்பி வாங்காதீர்கள் ரீச்சர். நிறுவனங்களுக்குச் சரக்கு வாங்கும் முகாமையாளர்களிடம் மாதந்தோறும் நிலைமையைக் கேட்டுத் தயாரிக்கும் எண் அது. 50க்கு மேல் என்றால், முந்தைய மாதத்தைவிட நிலைமை பரவாயில்லை என்று சொன்னவர்கள் அதிகம், அவ்வளவுதான். அதுவும் அடுத்த மாதம்தான் வெளியாகிறது. அந்த நம்பிக்கை உள்ளவர்கள் அதற்குள் வாங்கி முடித்திருப்பார்கள்.

சின்னச் சந்தைகளில் மனநிலை விலையை அளவுக்கு மீறி ஆட்டும். சோசலிசத்தை விட்டு வந்த போலந்தில், 1991 ஏப்ரலில் வார்சோ பங்குச்சந்தை ஐந்தே நிறுவனங்களோடு தொடங்கியது. 1993இல் அங்கே பங்கு விலைச் சுட்டெண் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. 1994 மார்ச்சில் சரியத் தொடங்கி, ஒரு வருடத்தில் உச்சத்தின் பாதிக்கும் கீழே போனது. நம்முடைய கொழும்பிலும் பார்த்தோம். 2022 ஏப்ரல் 12 அன்று அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. 18ஆம் திகதி முதல் ஐந்து நாள் சந்தையை மூடினார்கள். 25ஆம் திகதி திறந்ததுமே விலை விழுந்து வர்த்தகம் நின்றது.

விலை இப்படி ஆடுவதற்குக் காரணம் தரகரின் திரையிலேயே தெரியும். உங்களிடம் ஒரு சிறு நிறுவனத்தின் 3,000 பங்கு இருக்கிறது என்று வையுங்கள். 42 ரூபாவுக்கு ஒருவர் 400 பங்கு கேட்கிறார். அடுத்தவர் 40.50க்கு 600. அதற்குப் பிறகு 38 ரூபாதான். பத்திரிகையில் விலை 42 என்றிருக்கும். எல்லாவற்றையும் விற்றால் சராசரியாக 39 ரூபா கைக்கு வரும், தரகுக் கூலி வேறு. நல்ல செய்தி வரும்போது, விற்க ஆள் குறைவாக இருப்பதால் இதே இடைவெளிதான் விலையை மேல்நோக்கித் தூக்கிவிடுகிறது. அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது திறைசேரி உண்டியல் வட்டியை, அதாவது அரசாங்கம் குறுகிய காலத்துக்கு வாங்கும் கடனுக்குத் தரும் வட்டியை. 2022இல் அது 30 சதவீதத்தைத் தாண்டியபோது, ஆபத்தில்லாமல் அவ்வளவு கிடைக்க யார் பங்கு வாங்குவார்கள்? வட்டி இறங்கத் தொடங்கும்போதுதான் பணம் மெல்லப் பங்குப் பக்கம் திரும்பும்.

சரி, உங்கள் விஷயம். மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் அடுத்த மூன்று வருடத்தில் வேண்டிய பணத்தை வைப்பிலேயே விடுங்கள். மிஞ்சியதை ஒரேயடியாகப் போடாமல் நான்கைந்து மாதங்களில் பிரித்துப் போடுங்கள். வாங்குமுன் தரகரிடம், "இந்தப் பங்கு ஒரு நாளைக்கு எத்தனை கைமாறுகிறது?" என்று ஒரு மாதக் கணக்கைக் கேளுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அளவுகூடக் கைமாறாத பங்கென்றால் தொடவே வேண்டாம்.