கணவர் இராணுவ மருத்துவமனையில், நான் சாட்ஸ்வர்த்தில்: மனதை எப்படித் தேற்றுவது?

அக்கா, முன்னாள் வீரரான உங்கள் கணவர் பிரிட்டோரியாவில் ‘1 இராணுவ மருத்துவமனை’ என்ற பெயருள்ள மருத்துவமனையில் இருக்கிறார், நீங்கள் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் பிள்ளைகளோடு தனியாகத் தவிக்கிறீர்கள், எப்படித் தாங்குவது என்று கேட்டீர்கள். முதலில் தூக்கமும் சாப்பாடும். அதுதான் அடிப்படை, அது போனால் எந்த ஆறுதலும் மனதில் ஒட்டாது. அடுத்து, சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் போன் செய்து “எப்படி இருக்கிறார்” என்று கேட்பதுதான் மனதை அதிகம் அரிக்கும், அதனால் கொழுந்தனோ நாத்தனாரோ யாராவது ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் எரிந்து விழுந்தால், கெட்ட கனவு கண்டு அலறினால், அது உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போர் அனுபவத்தால் வரும் மனப் பாதிப்பில் இப்படி நடப்பதுண்டு. தென்னாப்பிரிக்காவின் 2011ஆம் ஆண்டு முன்னாள் படைவீரர் சட்டத்தில் இதற்கான மனநல ஆலோசனையும் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், குடும்பத்துக்கு என்ன உதவி உண்டு என்றும் சேர்த்தே கேளுங்கள்.

அப்புறம், அவர் படுத்திருக்கும்போது காவடித் திருவிழாவுக்குப் போகலாமா என்ற குற்ற உணர்வே வேண்டாம், போங்கள், நாலு பேரோடு பேசி, அழ வந்தால் அழுங்கள். ஆனால் 2 வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் நீங்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.