குழந்தைக்கு இல்லை என்று வந்துவிட்டது, இனி எனக்கு எதற்கு மாத்திரை?

கேள்வி: எனக்கு ஹெச்.ஐ.வி. இருப்பது கர்ப்பமான 3-வது மாதத்தில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வைரஸை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டேன். மகனுக்கு இப்போது 4 மாதம், தாய்ப்பால் மட்டும்தான். 6-வது வாரப் பரிசோதனையில் அவனுக்கு இல்லை என்று வந்தது. அம்மா வீட்டிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்தபின் மறைத்துச் சாப்பிட முடியாமல் 10 நாளாக விட்டுவிட்டேன். கணவருக்கு மட்டும் விஷயம் தெரியும். நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் எழுந்துபோய் இன்றைய மாத்திரையைப் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். நாளைக் காலையிலேயே ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போய் 10 நாள் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம், இப்படி வருபவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. 2012-ல் வெளியான ஓர் ஆய்வு ஹெச்.ஐ.வி. உள்ள 20 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கர்ப்பகாலத்தில் 100-க்கு 76 பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், பிரசவத்துக்குப் பிறகு 53 பேர்தான். தூக்கமில்லாத ராத்திரி, வீடு மாறுவது, கூட்டம் நிறைந்த வீடு, அதோடு ‘பிள்ளைக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்ற நிம்மதி, எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது.

ஆனால் 6-வது வாரப் பரிசோதனை அதுவரை நடந்ததைத்தான் சொல்லும். பால் குடிக்கிறவரை வைரஸ் அவனுக்குப் போக வழி இருக்கிறது, அதை அடைத்து வைத்திருந்தது நீங்கள் சாப்பிட்ட மாத்திரைதான். ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் நடந்த ப்ராமிஸ் ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்த தாய்மார்களிடமிருந்து தொற்றிய குழந்தைகள் 100-க்கு ஒன்றுகூட இல்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி ஏறிவிடும், உங்கள் உடம்புக்கும் அது கெடுதல். மையத்தில் வைரஸ் அளவு பார்ப்பார்கள், குழந்தைக்கு மறுபடி ஹெச்.ஐ.வி. தடுப்பு சிரப் வேண்டுமா என்றும் அவர்களே சொல்வார்கள். அதற்குள் நீங்களாகப் பயந்து மாட்டுப்பால், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர் என்று இடையில் எதையும் கொடுத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மாத்திரை வசதி வராத 1990-களில் பார்த்தபோதே, தாய்ப்பாலோடு மற்றதையும் கலந்து கொடுத்த குழந்தைகளுக்குத்தான் தொற்று அதிகமாக இருந்தது.

மறைப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு ‘சத்து மாத்திரை’ என்று சொல்லுங்கள், பிள்ளை பெற்றவளிடம் அதை யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். வேறு டப்பாவுக்கு மட்டும் மாற்ற வேண்டாம், ஈரம் பட்டால் மருந்து கெடும். நிஜமான சத்து மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஏ.ஆர்.டி. மாத்திரையில் டொலுடெக்ராவிர் என்ற மருந்து இருந்தால், வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, மருந்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். இல்லையென்றால் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட்டு 2 மணி நேரம் கழித்து மற்றதைப் போடுங்கள்.

மாமியாரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உங்கள் சம்மதம் இல்லாமல் மையத்தில் இருப்பவர்கள் வெளியே சொல்வதை 2017-ம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.

மகனுக்கு 6-வது மாதம், 12-வது மாதம் பரிசோதனை பாக்கி இருக்கிறது, 18-வது மாதத்தில்தான் முடிவாகச் சொல்வார்கள். கணவர் பரிசோதனை செய்துகொண்டாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. நாளைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.